நாடாப்புழுவுக்கு வாயே கிடையாது
நாடாப்புழு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ‘நாடாப்புழு வாயால் சத்தை உறிஞ்சுகிறது’ என்ற வரி தவறு. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தலையில் இருக்கும் உறிஞ்சிகள் குடல் சுவரைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மாமாவின் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை போட்டி (ஆட்டுக் குடல்) கழுவுவது என் வேலை. ஆட்டுக் குடலைத் திருப்பிப்போட்டால் உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். சில நாள் உள்ளேயிருந்து வெள்ளை நாடா ஒன்று முழம் முழமாக வரும். மொனீசியா என்ற நாடாப்புழு அது. கைக்கு வழவழவென்றுதான் இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகள், நம் குடலின் உள்சுவரில் இருப்பது போலவே. அந்தத் தோல் உயிருள்ள படலம். ஆடு செரித்து வைத்த குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் உடம்பு மொத்தத்தாலும் இழுத்துக்கொள்ளும். திருப்பிப்போட்ட போட்டி என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம், நாடாப்புழு ஒரு வகைத் தட்டைப்புழுதான்; ஆனால் எல்லாத் தட்டைப்புழுவும் இப்படி இல்லை. ஈரலில் இலை மாதிரி ஒட்டியிருக்குமே, அந்தப் புழுவுக்கு வாய் உண்டு, கிளை கிளையாகக் குடலும் உண்டு. ஆசனவாய்தான் இல்லை, கழிவை வாய் வழியாகவே கக்கிவிடும். அதுவும்கூட குளுக்கோஸைத் தோல் வழியாக எடுத்துக்கொள்ளும்.