போத்தல் வித்தவன் கதைக்கக்கூடாத விசயம்தான், ஆனாலும்

லண்டன்ல ஒஃப் லைசன்ஸ் எண்ட குடிவகை விக்கிற கடையில பதினேழு வருசம் நிண்டனான். குடியைப் பற்றிக் கதைக்க உனக்கென்ன யோக்கியதை எண்டு கேட்டா ஒண்டும் இல்லை, வித்தவனே நான்தானே. ஆனா அதாலதான் சில விசயங்களைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன். குடியால, போதையால பிள்ளையைப் பறிகுடுக்கிற தாய் தகப்பனுக்கெண்டு இங்க ஒரு தனிக் கோட் (நீதிமன்றம்) இருக்கு, அதைப் பற்றித்தான் சொல்ல வாறன்.

காலமை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்க ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வரும், இருபத்தைஞ்சு வயசு வராது, புஷ்செயாரில குட்டிப் பெடியன் ஒருத்தன். கால்போத்தல் வொட்கா ஒண்டு, பெடியனுக்குச் சொக்லேட் பட்டன்ஸ் ஒரு பக்கெற். சில்லறையா எண்ணி எண்ணி வைக்கும். வெறியில நிக்கிற ஆளுக்கு விக்கக்கூடாது எண்டு 2003 லைசன்சிங் சட்டத்திலயே இருக்கு, ஆனா அந்த நேரத்தில அந்தப் பிள்ளை வெறியில வராது, கை நடுங்கிக்கொண்டுதான் வரும். நடுங்கிற ஆளுக்கு விக்காத எண்டு சட்டம் ஒண்டும் இல்லை. பிறகு ஒருநாள் புஷ்செயார் இல்லாம வந்தது. நானும் கேக்கேல்ல, அதுவும் சொல்லேல்ல, சொக்லேட்டை மட்டும் எடுக்காமப் போச்சுது. ரெண்டு வருசத்தால வயித்தோட வந்தது. அந்தக் குழந்தையையும் ஹொஸ்பிட்டல்ல வச்சே கவுன்சிலின்ர (உள்ளூராட்சிச் சபை) சோசல் சேர்விஸ் ஆக்கள் எடுத்துப்போட்டினமாம் எண்டு பேந்து பக்கத்துக் கடைக்காரர் சொன்னவர்.

அப்ப நான் நினைச்சது, சரியாத்தானே செய்திருக்கினம், குடிகாரிட்ட பிள்ளையை விடேலுமே எண்டு. இப்பவும் அது பிழையெண்டு சொல்ல வரேல்ல. பிள்ளையின்ர பாதுகாப்பு முதல். ஆனா எடுத்த பிறகு அந்தத் தாய்க்கு என்ன நடந்தது எண்டால் ஒண்டுமே நடக்கேல்ல. ஃபைலை மூடியாச்சு, அவ எங்கட கடைக்கு வந்தா, அவ்வளவுதான். லங்காஸ்டர் யூனிவர்சிட்டிப் பேராசிரியை கேரன் புரோட்ஹர்ஸ்ட் ஆக்கள் இங்கிலாந்து முழுக்கக் கோட் கணக்கை எடுத்துப் பாத்தவை, இப்பிடிப் பிள்ளையை எடுக்கிற வழக்கில நிண்ட தாய்மாரில நாலில ஒராள் ஏழு வருசத்துக்குள்ள அடுத்த பிள்ளையோட திரும்பவும் அதே கோட்டில வந்து நிக்கிறாவாம். நாலில ஒண்டு!

இதை உள்ளுக்கு இருந்து பாத்து அலுத்துப்போன ஒரு ஜட்ஜ் இருந்தவர், நிக்கலஸ் கிரைட்டன் எண்டு. ஒரே தாயிட்ட இருந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டா பிள்ளையளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, இதில ஏதோ பிழை இருக்கெண்டு யோசிச்ச மனுசன். அமெரிக்காவில 90களின்ர நடுப்பகுதியில நெவாடாவின்ர ரீனோவில தொடங்கின ஃபமிலி ட்ரக் கோட் முறையைப் பாத்து, அதை இங்கத்தைக்கு ஏத்த மாதிரி மாத்தி, 2008 ஜனவரியில மத்திய லண்டன்ல தொடங்கினவர், காம்டன், இஸ்லிங்டன், வெஸ்ட்மின்ஸ்டர் மூண்டு கவுன்சிலுக்கும் சேத்து. ஃபமிலி ட்ரக் அண்ட் அல்கஹோல் கோட், சுருக்கி எஃப்டாக் எண்டு சொல்லுவினம். அல்கஹோலும் எண்டதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ, ஏன் எண்டு கடைசியில சொல்லுறன்.

வித்தியாசம் என்னெண்டால், சாதாரண கோட்டில லோயர்மார் ஒருத்தரோட ஒருத்தர் கதைப்பினம், தாய் பின்னுக்கு இருந்து கேட்டுக்கொண்டு இருப்பா, அடுத்த தவணைக்கு வேற ஜட்ஜ் கூட இருக்கலாம். எஃப்டாக்கில துவக்கத்தில இருந்து கடைசி வரை ஒரே ஜட்ஜ்தான். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வரவேணும், அந்தச் சந்திப்பில பெரும்பாலும் லோயர்மார் இல்லை, ஜட்ஜ் நேர தாயைப் பாத்துக் கதைப்பார். எப்பிடி இருக்கிறாய், போன கிழமை என்ன கஷ்டம், வீட்டுப் பிரச்சினை என்ன மாதிரி எண்டு. கூடவே ஒரு ரீம் இருக்கு, போதை வைத்தியம் தெரிஞ்ச ஆக்கள், பிள்ளையளின்ர மனநிலை தெரிஞ்ச ஆக்கள், சோசல் வேர்க்கர் எல்லாரும் ஒண்டா இருந்து திட்டம் போட்டுக் குடுப்பினம். தானும் ஒருகாலம் இதுக்குள்ள கிடந்து மீண்டு வந்த ஒராளைத் துணைக்கு விடுற வழக்கமும் இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய விசயமாப் படுது, சூட்டுப் போட்ட ஆள் ஆயிரம் சொன்னாலும் நடுங்கின கை நடுங்கின கையைத்தான் நம்பும்.

'ஐயோ பாவம் பாக்கிற கோட்' எண்டு இதை நக்கலடிக்கிற ஆக்கள் இருக்கினம். சொல்லுறன் கேளுங்கோ, இது இளகின கோட் இல்லை, இறுக்கின கோட். மற்றக் கோட்டில மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முகத்தைக் கழுவிப் போட்டு நல்ல உடுப்போட போய் நிண்டா சமாளிக்கலாம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அதே ஆள் உங்கட கண்ணைப் பாத்துக் கேக்கேக்க எத்தினை தரம் பொய் சொல்லேலும்? மேலதிகமா குடிச்சதோ, போதை எடுத்ததோ எண்டு பாக்கிற ரெஸ்ட் வேற. தலைமயிர் மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில வளரும், அதை வெட்டி ரெஸ்ட் பண்ணினா கனமாசம் பின்னால போய்ப் பாக்கலாம். வழுக்கிப்போச்சு, திரும்பக் குடிச்சிட்டன் எண்டு தானா வந்து சொன்னா திட்டத்தை மாத்திப் பாப்பினம், மறைச்சுப் பிடிபட்டாத்தான் கதை வேற. அதோட, இப்பிடியான வழக்கை 26 கிழமைக்குள்ள முடிக்கவேணும் எண்டு 2014 சட்டம் சொல்லுது. ஒரு மனுசி குடியை விட 26 கிழமை காணுமோ எண்டு கேட்டா கனபேருக்குக் காணாது, ஆனா ஒண்டரை வயசுப் பிள்ளைக்கு 26 கிழமை எண்டது அதின்ர வாழ்க்கையில மூண்டில ஒரு பங்கு. ரெண்டு மணிக்கூடும் ஒரே வேகத்தில ஓடாது, அதுதான் இதில உள்ள பெரிய சிக்கல், அமெரிக்காவிலயும் இதே தலையிடிதான், அங்க 1997 சட்டப்படி பிள்ளை 22 மாசத்தில 15 மாசம் வீட்டுக்கு வெளியில அரசாங்கப் பராமரிப்பில இருந்தா தாய் தகப்பன் உரிமையை நிறுத்த வழக்குப் போடவேணும், சில விதிவிலக்கு இருக்கு.

சரி, இது வேலை செய்யுதோ? 2023 இல வந்த ஆய்வில, எஃப்டாக் வழியா வந்த பிள்ளையளில 52% வழக்கு முடியேக்க தங்களை வளத்த ஆளிட்டயே திரும்பிப் போயிருக்கினம், சாதாரண வழியில 12.5% தான். இந்த நம்பரைக் காட்டி ஆரும் துள்ளவேண்டாம், ஏன் எண்டால் எஃப்டாக்குக்கு விரும்பின ஆக்கள்தான் வருகினம், மாறவேணும் எண்டு ஏற்கனவே மனசுக்குள்ள கொஞ்சம் இருக்கிற ஆக்கள். அதுக்கு எவ்வளவு கழிக்கவேணும் எண்டு சரியாச் சொல்லேலாது, எண்டாலும் வித்தியாசம் சின்னன் இல்லை. மற்றப் பாதிப் பேருக்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கேல்ல எண்டதையும் மறக்கக்கூடாது. ஆனா என்ர பிள்ளைக்கு நான் இப்ப காணாது எண்டு தாயே ஒத்துக்கொண்டு போறதும், கதவை உடைச்சுப் பறிச்சுக்கொண்டு போற மாதிரி முடியிறதும் ஒண்டில்லை. அந்தப் பிள்ளை வளந்து ஃபைலை எடுத்து வாசிக்கேக்க அந்த வித்தியாசம் தெரியும்.

காசுக் கதையும் சொல்லவேணும். லண்டன் எஃப்டாக்கைக் கணக்குப் பாத்தவை, ஒரு பவுண் போட்டா ரெண்டு பவுண் முப்பது பென்ஸ் மிச்சம் எண்டு 2016 இல எழுதினவை. கடை நடத்தின எனக்கு இப்பிடி ஒரு சரக்குக் கிடைச்சிருந்தா இண்டைக்கு நான் பென்ஸ் காரில போவன். ஆனா ரெண்டு வருசத்தால, 2018 செப்டம்பரில, நாடு முழுக்க இந்தக் கோட்டுகளுக்கு உதவின தேசிய யூனிட்டைக் காசில்லை எண்டு மூடினவை. அந்த வருசக் கடைசியிலயே கிரைட்டனும் போய்ச் சேந்திட்டார். பிறகு வேற ஆக்கள் எடுத்து நடத்தி, கார்டிஃப் பக்கம் வேல்ஸிலயும் தொடங்கினவை, எண்டாலும் உங்கட கவுன்சில்ல இருக்கோ இல்லையோ எண்டது இண்டைக்கும் லொத்தர் மாதிரித்தான். எங்கட கடைக்கு வந்த பிள்ளைக்கு அந்த லொத்தர் விழேல்ல.

இப்ப எங்கட ஆக்களின்ர கதைக்கு வாறன். 'சோசல் (சோசல் சேர்விஸ்) வந்தா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போடுவாங்கள்', இதைக் கேக்காம இங்க வளந்த தமிழ்ப் பிள்ளை இருக்கோ? மனுசன் ஒவ்வொரு இரவும் முழுப் போத்தல், மனுசி பிள்ளையளுக்குச் சொல்லி வச்சிருப்பா, ஸ்கூல்ல கேட்டா ஒண்டும் சொல்லாத எண்டு. டொக்டரிட்டயும் சொல்லமாட்டினம், கோயில்லயும் சொல்லமாட்டினம், சொந்தத்துக்கும் தெரியக்கூடாது, கலியாண வீட்டில பெருமையா நிப்பினம். எங்கட ஆக்களிட்ட ஹெரோயின் இல்லை அண்ணை எண்டு எனக்கே ஒராள் சொன்னவர், சொல்லேக்க கையில நாலாவது கிளாஸ். அதுக்குத்தான் அல்கஹோலும் எண்டதைக் கவனிக்கச் சொன்னனான். பயத்தில மறைச்சு மறைச்சு, கடைசியில பொலிஸ் வாற அளவுக்குப் போன பிறகுதான் விசயம் வெளியில வருது, அந்த நேரத்தில சோசலுக்கு எடுக்கிறதை விட வேற வழியில்லாமப் போகுது, உடன எங்கட ஆக்கள் பாத்தியா நாங்கள் சொன்னது சரிதானே எண்டுவினம்.

சோசல் பிழை விடாது எண்டு நான் சொல்ல வரேல்ல, விடும், எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தில அவை கதைச்ச விதம் இப்பவும் நினைச்சா கோவம் வரும். ஆனா சில விசயம் தெரிஞ்சு வச்சிருங்கோ. பிள்ளை சம்பந்தமா வழக்குப் போடப்போறம் எண்டு கவுன்சில் கடிதம் வந்தா, தாய் தகப்பனுக்கு லோயர் காசில்லாமக் கிடைக்கும், உங்கட சம்பளம் எவ்வளவெண்டு பாக்கமாட்டினம். கோட்டுக்குப் போனா இங்கிலிஸ் வராத ஆக்களுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கோட்டே ஒழுங்குபடுத்தும், மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு போய் மானம் போகத் தேவையில்லை. லோயரிட்ட முதல் நாளே கேளுங்கோ, எங்கட ஏரியாவில எஃப்டாக் இருக்கோ எண்டு. இல்லையெண்டா ஏன் இல்லையெண்டு கவுன்சிலரைக் கேளுங்கோ, வோட்டுக் கேட்டு எங்கட கோயில் வாசல்லதானே வந்து நிக்கினம்.

கீழ வந்து 'குடிக்கிறதுகளுக்கு எதுக்குப் பிள்ளை' எண்டு எழுதப்போற அண்ணைமார் தாராளமா எழுதுங்கோ, வாசிப்பன். உங்களில ரெண்டு மூண்டு பேர் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன போத்தல் வாங்கினனீங்கள் எண்டு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.