வயலைக் கழுவிய உப்பு யார் கணக்கில்?

பாசன நிலத்தின் உப்பைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் வயலைக் காப்பாற்றுவதோடு நின்றுவிடுகிறது. வயலிலிருந்து வெளியேறிய உப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள நீரை, அதாவது உவர்நீர் என்று யாரும் சொல்லாத நீரை, ஒரு ஹெக்டேரில் பருவம் முழுவதும் சேர்த்து ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால், அந்த நிலத்தில் 5 டன் உப்பு சேர்கிறது. பயிர் நீரை உறிஞ்சி ஆவியாக வெளிவிடும்போது உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடுவதால், சற்றுக் கூடுதலாக நீர் விட்டு அதை வேருக்குக் கீழே கழுவித்தான் ஆக வேண்டும். இதில் உழவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தேவைக்கு மேல் கீழிறங்கும் நீர், ஆழத்தில் கிடக்கும் பழைய உப்பையும் கரைத்துக்கொண்டு வடிகால் வழியாக ஆற்றை அடைகிறது.

கரைந்து வருவது சாதாரண உப்பு மட்டுமன்று. கலிபோர்னியாவில் வடிகால் கால்வாய்த் திட்டமொன்று பாதியில் நின்றுபோய், அதன் நீர் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் தேங்கியது. 1983-இல் அங்கு நீர்ப்பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து காணப்பட்டதற்கு அந்நீரில் இருந்த, அளவு மிஞ்சினால் நஞ்சாகும் செலினியம் என்ற தனிமமே காரணம்.

கொலராடோ ஆற்றின் கதை இன்னும் தெளிவானது. 1961 முதல் அரிசோனாவின் வடிகால் நீர் கலந்ததால் மெக்சிகோவுக்குச் சென்ற நீர் கடுமையாக உவர்த்தது. 1973-இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பாடு கண்டன. அதற்காகக் கட்டிய யூமா உப்பகற்று ஆலை 1992-இல் முடிந்தும் சிறிது காலமே இயங்கியது. மேல்நிலப்பகுதியில் கால்வாய்களுக்குப் பூச்சுப் பூசுவதற்கும், குழாய் பதிப்பதற்கும், தெளிப்பு நீர்ப் பாசனத்துக்கும் கொடுத்த பணமோ உப்பை அது பிறக்கும் இடத்திலேயே குறைத்தது. உப்பைக் கரையவிட்டுப் பிறகு பிரிப்பதைவிட, கரையாமல் தடுப்பதே மலிவு என்பது என் உறுதியான கருத்து. சொட்டு நீர்ப் பாசனமும் உதவும். ஆயினும் ஈரம் பரவும் விளிம்பில் உப்பு படிவதால், மழை குறைந்த நிலங்களில் அவ்வப்போது கழுவுவதை அது முற்றிலும் நீக்கிவிடாது.

நிர்வாகத்தில் நான் மதிப்பது ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் படுகையின் ஏற்பாட்டை. அங்கே 1988 முதல், ஆற்றில் உப்பைக் கூட்டும் நடவடிக்கை அதைச் செய்யும் மாநிலத்தின் பெயரில் பற்றாகவும், குறைப்பது வரவாகவும் எழுதப்படுகிறது.

ஒவ்வொரு வயலையும் அளப்பது கடினம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் அளக்கலாமே. நீரில் உப்பின் செறிவைக் காட்டும் மின்கடத்துத்திறனை மட்டும் குறித்தால் போதாது. நீரோட்டத்தின் அளவும் தெரிந்தால்தான் எத்தனை டன் உப்பு இறங்குகிறது என்பது தெரியும். அந்தப் பதிவேடு கீழ்நிலப் பாசனக்காரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். பாசனத் திட்டங்களுக்கான மானியத்தை முடிவு செய்வோரும் அதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.