ஆர்வம் இருக்கிறது, நடக்க இடம்தான் இல்லை

பெண்களுக்கு உடற்பயிற்சியில் ஆர்வம் குறைவு என்று ஒரு கட்டுரையாளர் முடிவு கட்டி எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022-ல் இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் சுமார் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அது செயலின் கணக்கு, விருப்பத்தின் கணக்கு அல்ல.

வடசென்னையில் எங்கள் வியாசர்பாடிப் பக்கம் நடைப்பயிற்சிக்கு ஆசைப்படும் பெண்கள் ஏராளம். விடிந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், பிறகு வேலைக்கு ஓட வேண்டும். இரவு எட்டரைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது பூங்கா பூட்டிக் கிடக்கிறது. நடைபாதையை பைக்குகள் அடைத்துக்கொள்கின்றன. பாதித் தெருவில் விளக்கும் எரிவதில்லை. 2023-ல் அரசு தொடங்கிய எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை சென்னையில் தென்கோடியிலுள்ள பெசன்ட் நகரில் அமைந்தது. நல்ல முயற்சி, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வடசென்னைப் பெண் அங்கே போய் நடந்துவிட்டு எப்போது வீடு திரும்புவாள்?

முதியவர்கள் நிலையும் இதுதான். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது, தடுமாறி விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதை யார் சொல்லித் தருவது? மாநகராட்சி முதலில் எங்கள் பகுதிப் பூங்காக்களை இரவு பத்து மணி வரை, நல்ல வெளிச்சத்தோடு, பெண் காவலரை நியமித்துத் திறந்து வைக்கட்டும்.