எல்லாத்தையும் நான்தான் பார்க்கிறேனாம்!

"இந்த வீட்டுல எல்லாத்தையும் நான் ஒருத்தன்தான் பார்க்க வேண்டியிருக்கு." சிலிண்டர் புக் பண்ணின கையோடு இந்த வசனம் வந்துவிடும். ஒரு மிஸ்டு கால், அதற்கு இரண்டு நாள் அலட்டல்! மனைவிமார்களிடமும் இதே வசனம் உண்டு, ஒருத்தன் ஒருத்தி ஆகும், அவ்வளவுதான்.

எரிச்சலே, இது பொய் இல்லை என்பதுதான். பொய்யென்றால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இவர்கள் மனதார நம்பித் தொலைக்கிறார்கள்.

கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 37 தம்பதிகளிடம் 20 விஷயங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். 1979-ல் வெளியான ஆய்வு. இருவர் சொன்னதையும் கூட்டினால் 16 விஷயங்களில் ஒரு முழு வேலைக்கு மேலே போனது. சண்டையைக் கிளப்புவதில்கூட "என் பங்குதான் அதிகம்" என்றிருக்கிறார்கள்! ஆக, வெறும் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. ஞாபகம் செய்கிற கோளாறு. உதாரணம் சொல்லச் சொன்னபோது தான் செய்ததில் சராசரியாக 11, துணை செய்ததில் 8 என்றுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்தவர் செய்தது அவ்வளவாக நினைவுக்கு வராதுதானே. நாம் செய்த வேலை இடுப்பு வலியோடு நினைவிருக்கும். அடுத்தவர் வேலையில் நமக்குத் தெரிவது தட்டில் இருக்கிற இட்லி மட்டும். பத்து நிமிஷத்தில் வெந்தது என்று நினைப்பு. முந்தின நாள் நாலு மணி நேரம் ஊறின அரிசி? உளுந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கிரைண்டர் பக்கத்திலேயே நின்றது? பொங்கி வழியுமே என்று பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாமல் வைத்தது? உளுந்து தீர்ந்துபோகிறதென்று முந்தின வாரமே கவனித்தது யார்?

அதனால் கணக்குப் பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். "சமையல்" என்று ஒரே வரியில் எழுதினால் அங்கேயே ஏமாற்று ஆரம்பம். என்ன சமைப்பது என்று யோசிப்பது, காய் வாங்குவது, நறுக்குவது, அடுப்படியைத் துடைப்பது எல்லாம் தனி வரி. முதலில் அடுத்தவர் செய்வதை எழுதுங்கள், பிறகு உங்களுடையது. வரிசையை மாற்றினால் ஞாபகம் பழையபடி உங்கள் பக்கமே சாயும். ஒவ்வொரு வரியிலும் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, இருவருடையதையும் கூட்டுங்கள். 130 வந்தால், அந்த 30-க்காகத்தான் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். தயவுசெய்து சண்டை நடுவே தாளை நீட்டாதீர்கள். கோபத்தில் எழுதுகிறவர் கணக்கு எழுத மாட்டார், குற்றப்பத்திரிகைதான் எழுதுவார்.

இன்னொரு கூத்து. 1999-ல் ஜஸ்டின் குரூகர், தாமஸ் கிலோவிச் செய்த ஆய்வில், நல்லதற்கெல்லாம் துணை கூடுதலாகப் பங்கு கேட்கும், கெட்டதென்றால் கை கழுவும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். எப்படியிருக்கிறது? நான் நியாயஸ்தன், நீதான் கணக்கைத் திரிக்கிறாய்!

கடைசியாக அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரைண்டர் கல்லைக் கழுவுவது என்ற வரி இரண்டிலும் இருக்காது. அதைச் செய்வது அம்மாவோ மாமியாரோ. அவருக்கு யாரும் தாளே கொடுக்கவில்லை.