பணம் வாங்கப் பின் நம்பர் போடணுமா? வேண்டாம்

“ராணுவக் கணக்கிலிருந்து வரும் பணம். நான் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போட்டால்தான் உங்கள் கணக்கில் ஏறும்.” பழைய பொருளை ஆன்லைனில் விற்கிறவர்களிடம், ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு வாங்க வரும் மோசடிக்காரர்கள் விடும் இந்தக் கதை அப்பட்டமான பொய்.

யுபிஐயில் பின் நம்பர் பணம் அனுப்புவதற்கு. அப்புறம், இருப்புப் பார்ப்பதற்கு. பணம் வாங்க அது தேவையே இல்லை. ராணுவத்துக்கென்று தனி விதியும் கிடையாது.

மார்த்தாண்டத்தில் ஒருவர் தேக்குக் கட்டிலை 8,000 ரூபாய்க்கு விற்க விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுகிறவர் கட்டிலை வந்து பார்க்க மாட்டார், விலை குறைத்தும் கேட்க மாட்டார். அங்கேயே சந்தேகம் வர வேண்டும். சீருடைப் படம், அடையாள அட்டை எல்லாம் வரும். சில நேரம் நம்ப வைக்க 5 ரூபாய் உண்மையாகவே வரும். பிறகுதான் அந்த க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்ததும் திரையைப் படியுங்கள்: மேலே வேறொருவர் பெயர், கீழே ‘செலுத்து’ என்ற பொத்தான். அதைப் படிக்க விடாமல்தான் போனில் பேசிப் பேசி அவசரப்படுத்துகிறார்கள்.

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் அரிது. அந்த மரியாதையை வைத்தே திருடுவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பணம் வந்ததாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பொருளை வண்டியில் ஏற்றுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். திருடர்கள் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.