வேண்டாம் என்று சொன்னவர் சிசிலி டைசன்

நேற்றைய அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மைல்ஸ் டேவிஸின் மனைவி, பெரிதாக வாய்ப்பு கிடைக்காத நடிகை' என்று ஒரே வரியில் அமெரிக்கக் கறுப்பின நடிகை சிசிலி டைசனை முடித்துவிட்டார்கள். மைல்ஸ் டேவிஸ் பெயர் பெற்ற ஜாஸ் இசைக்கலைஞர்தான். எனக்கு ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை.

வாய்ப்பு கிடைக்காதவர் இல்லை அவர். வந்ததை வேண்டாம் என்று சொன்னவர். 1972-இல் 'சவுண்டர்' படத்தில் லூசியானாவின் ஏழைக் குத்தகை விவசாயி ஒருவரின் மனைவியாக நடித்து, ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். படத்தில் கறுப்பினப் பையன் தன் அப்பாவை 'டாடி' என்கிறான். 'என் மகனும் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறான், அதனால் எனக்குச் சங்கடமாக இருந்தது' என்று ஒரு வெள்ளைக்கார நிருபர் டைசனிடமே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபின், தன் இனத்துப் பெண்ணைக் கேவலப்படுத்தும் வேடங்களைத் தொடுவதில்லை என்பதில் டைசன் இன்னும் உறுதியானார். வேலையே இல்லாத காலங்கள் வந்தன. அப்போதும் வேண்டாம்தான். 1974-இல் அடிமையாகப் பிறந்து 110 வயது வரை வாழும் ஜேன் பிட்மன் என்ற கற்பனைப் பாத்திரமாகத் தொலைக்காட்சிப் படத்தில் நடித்தார். அதற்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டு.

வயிற்றுப்பாடு இருக்கும்போது வேடம் பார்த்து எடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். அவர் என்ன பணக்கார வீட்டுப் பெண்ணா? கரீபியனில் உள்ள நீவிஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மகள், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். நடிக்கப் போகிறேன் என்றதும் அம்மாவே வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னார். கிடைத்த வேலைக்காரி வேடத்தைப் போட்ட மற்ற கறுப்பின நடிகைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் மறுத்தவரைப் பார்த்து 'கிடைக்கவில்லை' என்று எழுதாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? நானும் ஒரு நாடகக் குழுவில் 4 வருடம் இருந்தவள். என் நிறத்தை வைத்துச் சிரிப்பு வரவழைக்கும் வேடம் ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டேன் என்றேன். அப்புறம் ஒத்திகைக்குக் கூப்பிடவே இல்லை. 'அவளுக்கு நடிப்பு வராது' என்று பேச்சு பரவியது. என் மாமியாரும் அதைத்தான் நம்பினார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நான் இன்னாரின் மனைவி, அவ்வளவுதான்.

மைல்ஸ் டேவிஸைக் கல்யாணம் செய்தது 1981-இல். எம்மி வாங்கி அதற்குள் ஏழு வருடம் ஆகியிருந்தது. விவாகரத்துக்குப் பிறகும் அவர் நடித்துக்கொண்டே இருந்தார். 2013-இல், 30 வருடம் கழித்து நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குத் திரும்பி, 88 வயதில் நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார். 2018-இல் கௌரவ ஆஸ்கர். இதில் எது மைல்ஸ் டேவிஸ் கொடுத்தது?

பதிவு போட்டவர் என் நண்பர்தான். சண்டை போட எனக்கு விருப்பமில்லை. அந்த ஒரு வரியை அவர் திருத்த வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.