ஒரு விமன்ஸ் சென்டர் தனியா நின்னா தாங்காது

அமெரிக்க யுனிவர்சிட்டிகள்ல மாணவிகளுக்கு உதவியா இருக்கற விமன்ஸ் சென்டர்கள் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். படிக்கும்போது ஒரு சென்டர்ல கிராஜுவேட் அசிஸ்டென்ட்டா இருந்தேன், இப்ப வேற ஸ்டேட்ல வேற சென்டர்ல முழுநேர வேலை. இத்தனை வருஷத்துல எனக்கு உறுதியா பட்ட ஒரு விஷயம், இந்த சென்டர்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதையும் கைகொடுத்துக்கறதையும் "நேரம் கிடைச்சா பாத்துக்கலாம்"னு ஓரமா வச்சிருக்கோம் பாருங்க, அது பெரிய தப்பு. அத வேலைல ஒரு பகுதியா எழுதி, நேரமும் பணமும் ஒதுக்கணும். ஏன்னு சொல்றேன்.

வெளியில இருந்து பாக்கறவங்க இது ஏதோ பெரிய டிபார்ட்மென்ட்னு நினைப்பாங்க. நிறைய கேம்பஸ்ல ஒரு டைரக்டர், ஒரு பார்ட் டைம் கோஆர்டினேட்டர், ரெண்டு மூணு ஸ்டூடண்ட் வொர்க்கர்ஸ், அவ்ளோதான் ஆளே. ஸ்டூடண்ட் யூனியன் பில்டிங்ல ஏதோ ஒரு மாடில ஒரு ரூம், ஒரு சோஃபா, கைக்குழந்தைக்காரிகளுக்கு பால் எடுக்க ஒரு சின்ன தடுப்பு. ஆனா அந்த ரூமுக்குள்ள வர்ற விஷயம் இருக்கே, ஒருத்திய பழைய பாய்ஃபிரண்ட் கிளாஸ் வாசல் வரைக்கும் தொடர்ந்து வர்றான், ஒருத்தி ஏழு மாசம், லேப்ல லீவு கேட்டா அட்வைசர் முகத்த திருப்பிக்கறார் (கர்ப்பத்த காரணம் காட்டி மாணவிய ஒதுக்கக் கூடாதுன்னு, படிக்கற இடத்துல ஆண் பெண் பாகுபாட்ட தடுக்கற டைட்டில் நைன் சட்டத்தோட விதிகள்ல 1975லேயே எழுதியாச்சு, இன்னும் பாதி பேருக்கு தெரியாது), ஒருத்தி எதுவும் சொல்லாம சும்மா உக்காந்துட்டு போறா, மூணாவது வாரம்தான் வாயத் திறக்கறா.

இந்த சென்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி பொறந்ததும் இல்ல. 1960ல மினசோட்டா யுனிவர்சிட்டில தொடங்கினதுதான் முதல் சென்டர்னு சொல்லுவாங்க, அப்ப நோக்கம் கல்யாணம் குழந்தைன்னு படிப்ப விட்ட பொண்ணுங்கள திரும்ப வகுப்புக்கு கொண்டு வர்றது. 1964ல மிச்சிகன்லயும் அதே மாதிரி. ஆனா 1973ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில கதையே வேற, மாணவிகள் மேல நடந்த பாலியல் வன்முறைக்கு நிர்வாகம் பதில் சொல்லலன்னு பொண்ணுங்க நிர்வாகக் கட்டிடத்துக்குள்ள போய் உக்காந்துட்டாங்க, பேசி முடிச்சு எழுந்தப்ப கேட்டு வாங்கினதுல ஒண்ணு விமன்ஸ் சென்டர். இப்படி ஒண்ணு மேல இருந்து வந்தது, ஒண்ணு போராடி வாங்கினது. அதனாலதான் இன்னைக்கும் ஒரு சென்டர் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் கீழ இருக்கும், இன்னொண்ணு அகாடமிக் பக்கம் இருக்கும், பேரு வேற, அதிகாரம் வேற. பயாலஜி ப்ரொஃபசருக்கு ஒரு சந்தேகம்னா பக்கத்து ரூம் கதவ தட்டிக்கலாம். எங்க டைரக்டருக்கு அந்த பக்கத்து ரூம் இருநூறு மைல் தள்ளி இருக்கு.

விதிகள் மாறற வேகத்த வேற பாருங்க. டைட்டில் நைன் சட்டம் 1972ல வந்தது, சரி. பாலியல் புகார விசாரிக்கற விதிமுறை 2020ல மாறுச்சு, 2024ல திரும்ப மாத்தினாங்க, 2025 ஜனவரில கெண்டக்கில ஒரு ஃபெடரல் கோர்ட் அந்த 2024 விதிய மொத்தமா ரத்து பண்ணிடுச்சு, திரும்ப 2020க்கே வந்தாச்சு. 2020 விதியும் சரி, 2024 விதியும் சரி, ஆயிரம் பக்கத்துக்கு மேல. பெரிய யுனிவர்சிட்டில வக்கீல் படையே இருக்கு, படிச்சு சொல்லிடுவாங்க. ஒண்ணரை ஆள் இருக்கற சென்டர் என்ன பண்ணும்? பக்கத்து சென்டர் எடுத்து வச்ச நோட்ஸ கேட்டு வாங்கும், வேற வழி இல்ல. நாங்க நாலஞ்சு கேம்பஸ் சேந்து ஆளுக்கு ஒரு பகுதின்னு பிரிச்சு படிச்சு போன்ல பேசிப்போம். மாணவிகிட்ட தப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா அவ கேஸே கெட்டுப் போகலாம், அதான் பயம்.

இப்ப நெட்வொர்க்குன்னா நிஜத்துல என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன், அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்கள மாத்தியிருக்கேன். ரெண்டு ஸ்டேட் தள்ளி இருக்கற ஒரு சென்டருக்கு ஒரு தமிழ் பொண்ணு வந்திருக்கா. புருஷன் பிஹெச்டி மாணவர், எஃப்-1ங்கற மாணவர் விசா, இவ அவரோட மனைவிங்கறதால எஃப்-2. இங்கிலீஷ் புரியும், ஆனா வலிய சொல்ற அளவுக்கு வராது. அந்த சென்டர்ல முறைப்படி போன்ல மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்ணியிருக்காங்க, லைன்ல தமிழ்ல ஒரு அம்மா வந்தாங்க, பாசமா முதல் கேள்வியே "நீங்க எந்த ஊரும்மா?" அவ்ளோதான். இவ போன வச்சிட்டா. நம்மாளுங்களுக்கு சொல்லவே வேணாம், எந்த ஊருன்னு கேட்டா அடுத்து யார் வீடு, அதுக்கடுத்து உங்க மாமனார் இன்னார்தானே. இந்த ஊர்ல இருக்கற தமிழ்க்காரங்க எல்லாம் பொங்கலுக்கு ஒரே ஹால்ல சந்திக்கறவங்க, யார் காதுக்கு போகும்னு அவளுக்கு பயம், நியாயமான பயம்.

அந்த கோஆர்டினேட்டருக்கு என்னை ஒரு மாநாட்டுல பாத்த பழக்கம். அந்த பொண்ணுகிட்ட ஒப்புதல் வாங்கிட்டு, பேர் எதுவும் சொல்லாம, "தமிழ் பேசற, இந்த ஏரியாவுல யாரையும் தெரியாத அட்வகேட் நீதான், பேசறியா"ன்னு கேட்டாங்க (அட்வகேட்னா இங்க வக்கீல் இல்ல, பாதிக்கப்பட்டவங்களுக்கு துணையா நிக்கற சென்டர் ஆள்). நான் ஊர் கேக்கல. அவ பேர கூட கேக்கல. அவ கேட்ட முதல் கேள்வி, "மேடம், நான் வெளிய சொன்னா என் விசா போயிடுமா?"

இந்த கேள்விக்கு பதில் தெரிஞ்சிருக்கணும், கேம்பஸ்ல நம்ம பொண்ணுங்க எத்தனை பேர் இதே பயத்துல வாய மூடிட்டு இருக்காங்கன்னு நினைச்சா தூக்கம் வராது. எஃப்-2ல வேலை பாக்க முடியாது, முழுநேரம் படிக்கவும் முடியாது, ஸ்டேட்டஸே புருஷனோட ஸ்டேட்டஸ ஒட்டித்தான் நிக்குது. புருஷன் அமெரிக்க குடிமகனாவோ கிரீன் கார்டுக்காரராவோ இருந்தா வாவாங்கற, பெண்கள் மேல நடக்கற வன்முறைக்கு எதிரான சட்டத்துல மனைவி தானே மனு போடலாம், மாணவர் விசாக்காரர் மனைவிக்கு அந்த கதவு இல்ல. யு விசான்னு ஒண்ணு இருக்கு, குற்றத்துக்கு ஆளானவங்க போலீஸுக்கு உதவினா விண்ணப்பிக்கலாம், ஆனா வருஷத்துக்கு 10,000தான் உச்சவரம்பு, வருஷக்கணக்கா காத்திருக்கணும். அதே சமயம் கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கறதுக்கு விசா ஸ்டேட்டஸ் தடையே இல்ல, ஷெல்டர்ல சேர்றதுக்கும் தடை இல்ல. இத தமிழ்ல, பொறுமையா, பயமுறுத்தாம சொல்ல ஒரு ஆள் வேணும். முதல்ல மேடம்னு ஆரம்பிச்சவ போன வைக்கறப்ப அக்கான்னு சொன்னா. அடுத்த கட்டமா இமிக்ரேஷன் வக்கீல அந்த சென்டர் ஏற்பாடு பண்ணுச்சு, தெற்காசிய பெண்களுக்குன்னே வேலை செய்யற அமைப்போட நான் பேச வச்சேன். நியூஜெர்சில மானவி 1985ல இருந்து இருக்கு, நியூயார்க்ல சகி 1989ல இருந்து, கலிஃபோர்னியால மைத்ரி, ஹூஸ்டன்ல தயா. இவ்ளோ வருஷமா இருக்காங்க, ஆனா எத்தனை கேம்பஸ் சென்டர்கிட்ட இவங்க நம்பர் இருக்கு? நான் பாத்த வரைக்கும் ரொம்ப கம்மி.

உதவி பக்கத்துலயே இருக்கணும்னு எல்லாரும் சொல்றோம், சில பேருக்கு தூரத்துல இருந்து வர்ற உதவிதான் பத்திரம். சின்ன ஊர்ல, சின்ன சமூகத்துல இருக்கறவளுக்கு நாலு ஸ்டேட் தள்ளி இருக்கற குரல்தான் நம்பிக்கை தரும். அது ஒரு சென்டரால தனியா தர முடியாத விஷயம்.

இதுல எனக்கு கோவமும் இருக்கு. மேல சொன்னது நடந்தது ஒரு மாநாட்டு காபி நேரத்துல ஏற்பட்ட பழக்கத்தால. அந்த கோஆர்டினேட்டர் வேலைய விட்டு போயிருந்தா? அவங்க போன்ல இருந்த அத்தனை நம்பரும் அவங்களோட போயிருக்கும். 1977ல தொடங்கின நேஷனல் விமன்ஸ் ஸ்டடீஸ் அசோசியேஷனுக்குள்ள விமன்ஸ் சென்டர்களுக்குன்னே ஒரு குழு இருக்கு, வருஷாந்திர மாநாட்டுல சந்திக்கறாங்க, அருமையான விஷயம், அதுல நான் கத்துக்கிட்டது ஏராளம். ஆனா அங்க வர்றதுக்கு பிளைட் டிக்கெட், ஹோட்டல், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் யார் கட்டறது? பணக்கார யுனிவர்சிட்டி டைரக்டர் வர்றாங்க. கம்யூனிட்டி காலேஜ்ல, குழந்தைய டே கேர்ல விட்டுட்டு ராத்திரி கிளாஸ் வர்ற அம்மாக்கள பாத்துக்கற அந்த ஒத்த ஆள் சொந்தக் காசுல வரணும், இல்லனா வரமுடியாது. யாருக்கு இந்த தொடர்பு அதிகமா தேவையோ அவங்க வெளியில நிக்கறாங்க. பெரிய சென்டர்கள் சின்ன சென்டர்களுக்கு கடமைப்பட்டிருக்குன்னு நான் வெளிப்படையாவே சொல்வேன். கேம்பஸ் வன்முறைக்கு எதிரான ஃபெடரல் மானியத்துக்கு பல கல்லூரிகள் கூட்டா சேந்து விண்ணப்பிக்க இடம் இருக்கு, பெரிய யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்கற சின்ன காலேஜ்கள சேத்துக்கிட்டு போடலாமே, எழுதத் தெரிஞ்ச ஆள் அவங்ககிட்டதானே இருக்கு.

எழுத்துல ஒப்பந்தமும் வேணும். ஒரு மாணவி பாதுகாப்புக்காகவே வேற யுனிவர்சிட்டிக்கு மாறிப் போறான்னு வைங்க. அவ கையெழுத்து போட்டு ஒப்புதல் கொடுத்தா, இங்க இருக்கற அட்வகேட் அங்க இருக்கறவங்களுக்கு போன் பண்ணி "திங்கக்கிழமை வர்றா, பார்க்கிங் பக்கத்துல தங்க வைக்காதீங்க, அவள தொடர்ந்து வர்றவன் காரு இன்னது"ன்னு சொல்லி ஒப்படைக்கணும். அப்படி இல்லனா அவ புது இடத்துல முதல்ல இருந்து, முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட, எல்லாத்தையும் மறுபடி சொல்லணும். ஏற்கனவே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பா.

சென்டர்கள மூடற விஷயத்துக்கு வர்றேன். டெக்சாஸ்ல அரசு யுனிவர்சிட்டிகள்ல பன்முகத்தன்மை (டிஇஐ) அலுவலகங்கள் கூடாதுன்னு எஸ்பி 17 சட்டம் 2024 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, டெக்சாஸ் யுனிவர்சிட்டியோட ஆஸ்டின் கேம்பஸ்ல ஜெண்டர் அண்ட் செக்சுவாலிட்டி சென்டர்னு இருந்தத விமன்ஸ் கம்யூனிட்டி சென்டர்னு பேர் மாத்தி பாத்தாங்க, சில மாசத்துலயே அதையும் மூடிட்டாங்க. யூட்டாவுல அதே மாதிரி ஹெச்பி 261ங்கற சட்டம் 2024 ஜூலைல இருந்து, யூட்டா யுனிவர்சிட்டியோட விமன்ஸ் ரிசோர்ஸ் சென்டர் மூடப்பட்டது. ஒரு சென்டர் மூடும்போது ரூம் மட்டும் போகல, அங்க இருந்த பழக்கம் போகுது, எந்த ஜட்ஜ் காது கொடுத்து கேப்பார், எந்த டாக்டர் அன்பா பேசுவார்ங்கற அறிவு போகுது. கிளாத்ஸ்லைன் ப்ராஜெக்ட்னு ஒண்ணு 1990ல மாசசூசெட்ஸ்ல தொடங்கினது, வன்முறைக்கு ஆளான பொண்ணுங்க டீ-சர்ட்ல தங்களோட கதைய எழுதி கயித்துல தொங்க விடறது, உயிர் போனவங்களுக்கு வெள்ளை சட்டை, அத அவங்களுக்காக மத்தவங்க எழுதுவாங்க. பல சென்டர்கள்ல வருஷக்கணக்கா சேந்த அந்த சட்டைங்க அட்டைப்பெட்டில இருக்கு. மூடற சென்டரோட பெட்டிய யார் எடுத்துக்கறது? மாணவிகளோட ரகசிய பதிவுகள யாரும் தொடக்கூடாது, அது வேற. ஆனா பயிற்சி நோட்ஸ், நடைமுறை, அந்த சட்டைங்க, இதெல்லாம் வேற ஸ்டேட் சென்டர் ஒண்ணு பொறுப்பெடுத்து வச்சிக்கணும்னு இப்பவே பேசி வைக்கணும், கதவுல நோட்டீஸ் ஒட்டினப்புறம் பேச நேரம் இருக்காது.

அமெரிக்காவுல படிக்க வர்ற பொண்ணுங்களுக்கும், கூட வர்ற மனைவிமார்களுக்கும், அனுப்பற அப்பா அம்மாவுக்கும் சில விஷயம். முதல் வாரத்துலயே உங்க கேம்பஸ்ல இந்த சென்டர் எங்க இருக்குன்னு பாத்து வைங்க. விமன்ஸ் சென்டர்ங்கற பேர்லயே இருக்கணும்னு இல்ல, ஜெண்டர் ஈக்விட்டி சென்டர்னு இருக்கலாம், ஸ்டூடண்ட் சப்போர்ட்டோட சேத்திருக்கலாம், அதனால ஒரு பேர தேடி கிடைக்கலன்னு விட்டுடாதீங்க. உள்ள போனதும் எதையும் சொல்றதுக்கு முன்னாடி "நான் சொல்றத ரகசியமா வச்சிக்க உங்களால முடியுமா, இல்ல மேல ரிப்போர்ட் பண்ணியே ஆகணுமா"ன்னு கேளுங்க, ஒவ்வொரு கேம்பஸ்ல ஒவ்வொரு மாதிரி, இத கேக்கறது உங்க உரிமை, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சென்டரே இல்லாத கேம்பஸ்னா பக்கத்து யுனிவர்சிட்டி சென்டருக்கு போன் பண்ணுங்க, உங்க ஊர்ல யார்கிட்ட போகணும்னாவது சொல்லுவாங்க. நேஷனல் டொமஸ்டிக் வயலன்ஸ் ஹாட்லைன் 1-800-799-7233, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசணும்னு கேக்கலாம்.

எனக்கு இன்பாக்ஸ்ல எழுதறவங்க வீட்டுல எல்லாரும் பயன்படுத்தற லேப்டாப்ல இருந்து எழுதாதீங்க, லைப்ரரி கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணி எழுதிட்டு மறக்காம லாக்அவுட் பண்ணிடுங்க. பேர், ஊர் எதுவும் வேணாம்.